டபுள் மார்க்கர் ரிப்போர்ட்: ஒரு வாரக் கணக்கு தவறியதில் பட்ட பாடு

டபுள் மார்க்கர் என்பது, வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் (ஒரு குரோமோசோம் கூடுதலாக இருப்பதால் வரும் பிறவிக் குறைபாடு) இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று ஸ்கேன் அளவையும் சேர்த்துக் கணிக்கும் ரத்தப் பரிசோதனை. அதில் '1:160' என்று சிவப்பில் அச்சாகியிருந்த அந்தத் தாளை இப்போது எடுத்துப் பார்த்தாலும் எனக்கு அடிவயிறு கலங்குகிறது.

முதலில், குழந்தையின் கழுத்துப் பின்புற நீரை அளக்கும் என்டி ஸ்கேன். அதற்குப் போன முதல் நாளே வீண். ஆதார் கையில் இருந்தது, டாக்டரின் பரிந்துரைச் சீட்டு வீட்டில் இருந்தது. கருவின் பாலினம் அறிவதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி படிவம் எஃப் நிரப்பியாக வேண்டும். சீட்டு இல்லாமல் முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மசக்கையோடு ஒன்றரை மணி நேரப் பஸ் பயணம். சீட்டை முந்தின இரவே பையில் வைத்துவிடுங்கள். 14 வாரம் நிறைந்துவிட்டால் இந்த ஸ்கேனுக்கான காலம் போய்விடும்.

மறுநாள் ஸ்கேன் நல்லபடியாக முடிந்தது. கழுத்துப் பின்புற நீர் அளவு 1.3 மி.மீ., மூக்கெலும்பு தெரிந்தது, குழந்தையின் நீளம் 56 மி.மீ.; அதாவது 12 வாரம் 2 நாள்.

தவறு நடந்தது டபுள் மார்க்கருக்கு ரத்தம் கொடுத்த லேபில். படிவம் நிரப்பிய பெண் கடைசி மாதவிடாய் தேதியைக் கேட்டு எழுதிக்கொண்டார். ஸ்கேன் ரிப்போர்ட்டை நீட்டினேன். "இதிலிருந்து அளவு மட்டும் போதும்" என்று இரண்டு எண்களைக் குறித்துக்கொண்டு திருப்பித் தந்துவிட்டார். எனக்கு மாதவிடாய் 36, 37 நாளுக்கு ஒருமுறைதான் வரும்; கருத்தரிப்பதும் அதற்கேற்பத் தள்ளிப்போவதால் அந்தத் தேதியை வைத்துப் போடும் கணக்கு கூடுதலாகத்தான் காட்டும். அதை யாரும் கேட்கவில்லை. எனக்கும் சொல்லத் தோன்றவில்லை.

நான்காம் நாள் ரிப்போர்ட் வந்தது. டவுன் சிண்ட்ரோம் அபாயம் 160இல் ஒன்று. அவர்கள் வைத்திருந்த எல்லை 250இல் ஒன்று; அதைவிடக் கூடினால் அபாயம் அதிகம் என்று கணக்கு. போனில் கேட்டதற்கு, "ஊசி போட்டுப் பனிக்குட நீர் எடுத்துப் பார்க்கச் சொல்வார்கள்" என்று சொல்லி வைத்துவிட்டார்கள். அன்றிரவு வீட்டில் யாரும் சாப்பிடவில்லை.

என் கணவர்தான் இரவு இரண்டு மணிக்கு அதைக் கண்டுபிடித்தார். கர்ப்ப காலம் என்ற இடத்தில் 13 வாரம் 2 நாள் என்று இருந்தது. ஸ்கேன் சொன்னதைவிட ஒரு வாரம் கூடுதல்!

காலையில் டாக்டர் விளக்கினார். பாப்-ஏ என்ற புரதம் இந்த வாரங்களில் ஏறிக்கொண்டே போகும்; பீட்டா எச்.சி.ஜி. என்ற கர்ப்பகால ஹார்மோன் இறங்கிக்கொண்டே வரும். என் ரத்தத்தை ஒரு வாரம் மூத்த கர்ப்பத்தோடு ஒப்பிட்டதால் முதலாவது குறைவாகவும் இரண்டாவது அதிகமாகவும் தெரிந்திருக்கிறது. டவுன் சிண்ட்ரோமில் காணும் போக்கும் அதுவேதான். மறுபடி ரத்தம் எடுக்க வேண்டாம், நீளத்தை வைத்துக் கணக்கை மட்டும் திருத்தினால் போதும் என்றார்.

லேபுக்குப் போனால், "கம்ப்யூட்டர் போட்டது, மாற்ற முடியாது" என்றார்கள். நான் நகரவில்லை. நாற்பது நிமிடம் நின்ற பிறகு டாக்டரே போனில் பேசினார். மாலையில் புதிய தாள் வந்தது: 1:1150. வருத்தம் தெரிவித்து ஒரு வார்த்தை இல்லை.

ரத்தம் கொடுக்கும்போது வயது, எடை, ஸ்கேன் தேதி, குழந்தையின் நீளம் எல்லாவற்றையும் படிவத்தில் நீங்களே படித்துப் பாருங்கள். சர்க்கரை நோய், ஐ.வி.எஃப். கருத்தரிப்பு இருந்தால் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். எண் சரியாக இருந்து அபாயம் அதிகம் என்றே வந்தாலும் அது நோய் உறுதியானதாக ஆகாது. அடுத்த கட்டமாக, தாயின் ரத்தத்தில் கலந்திருக்கும் கருவின் மரபணுத் துணுக்குகளைப் பார்க்கும் என்.ஐ.பி.டி. என்ற ரத்தப் பரிசோதனை இருக்கிறது; உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால்தான் பனிக்குட நீர்ப் பரிசோதனை. என்னிடம் இதைப் போனிலேயே யாராவது சொல்லியிருக்கலாம்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "பெரிய எண்தானே நல்லது?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். எழுந்து போய் அடுப்பைப் பற்றவைத்தார்.