முடிவை மறைத்துவிட்டுப் படிப்பேன்

விமான விபத்து விசாரணை அறிக்கை எதை எடுத்தாலும், காரணம் இன்னது என்று சொல்லும் பக்கத்தை முதலில் பார்க்க மாட்டேன். அதைப் படித்துவிட்டால் மற்றதெல்லாம் 'இதுகூடவா தெரியாது இவர்களுக்கு' என்றே தோன்றும். அப்புறம் மனதில் ஒன்றும் ஏறாது.

1978 டிசம்பர் 28. அமெரிக்காவின் யுனைடெட் நிறுவனத்தின் 173-ஆம் எண் விமானம், டிசி-8 வகை, 189 பேர். போர்ட்லாண்டில் இறங்கும் நேரத்தில் லேண்டிங் கியர் (தரையிறங்குவதற்கான சக்கர அமைப்பு) பலத்த அதிர்வோடு கீழே வந்தது. சக்கரம் பூட்டிக்கொண்டதா என்று உறுதியாகத் தெரியவில்லை. கேப்டன் ஏறக்குறைய ஒரு மணி நேரம் வட்டமடித்தபடி பயணிகளைத் தயார்ப்படுத்த வைத்தார். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

அறிக்கையில் இருந்த காக்பிட் (விமானி அறை) உரையாடலை ஒவ்வொரு வரியாகத் தாளால் மறைத்து நகர்த்தினேன். பக்கத்தில் பென்சிலால் எரிபொருள் கணக்கு: 5,000 பவுண்டு. கேப்டன் இன்னும் 15 நிமிடம் என்கிறார். அவ்வளவு நேரம் போனால் எரிபொருள் மிகவும் குறைந்துவிடும் என்கிறார் எரிபொருளையும் இயந்திரங்களையும் கண்காணிக்கும் ஃப்ளைட் இன்ஜினியர். அங்கே பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டார். ஆனால் 'இப்போதே இறங்கியாக வேண்டும்' என்று அந்த நிமிடத்தில் யாரும் சொல்லவில்லை. எரிபொருள் தீர்ந்து நான்கு இன்ஜின்களும் அணைந்தன; விமானம் விழுந்தது. இறந்த 10 பேரில் அந்த ஃப்ளைட் இன்ஜினியரும் ஒருவர். கேப்டன் எரிபொருளைக் கவனிக்கத் தவறியதோடு, துணை விமானியும் ஃப்ளைட் இன்ஜினியரும் தங்கள் கவலையை அழுத்தமாகச் சொல்லாததையும் அறிக்கை குறிப்பிட்டது. காக்பிட்டில் சேர்ந்து வேலை செய்வதற்கென்று இன்று விமானம் ஓட்டும் எங்களுக்குத் தரும் பயிற்சி வளர்ந்ததில் அந்த அறிக்கைக்குப் பெரிய பங்கு உண்டு.

ஈஸ்டர்ன் நிறுவனத்தின் 401-ஆம் எண் விமானமும் அப்படித்தான். 1972-இல், மயாமி அருகே, சக்கரம் பூட்டிக்கொண்டதைக் காட்டும், ஆனால் எரியாத ஒரு சிறு விளக்கைக் காக்பிட்டில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, விமானம் மெல்ல மெல்ல இறங்கிச் சதுப்பு நிலத்தில் மோதியது. 101 பேர் இறந்தார்கள்.

அதைப் படித்த அடுத்த மாதம், சிறிய பயிற்சி விமானம் ஒன்றில் எனக்கு இடது சக்கரத்தின் பச்சை விளக்கு எரியவில்லை. நானும் பயிற்றுநரும் ஒன்றாகத் தலையைக் குனிந்தோம். நிமிர்ந்து பார்த்தால் 200 அடி இறங்கியிருந்தோம். "நான் ஓட்டுகிறேன் சார், விளக்கை நீங்கள் பாருங்கள்" என்று சத்தமாகவே சொன்னேன். அவர் பக்கத்து விளக்கின் பல்பைக் கழற்றி அதில் மாட்டினார். எரிந்தது. "எரிபொருள் எவ்வளவு?" என்றார். "50 நிமிடம் சார். தொடக்கூடாத கையிருப்பு 30 போனால் நமக்கு 20" என்றேன். "சரி, இறங்கிவிடலாம்" என்றார்.