கொம்புக்கு வயசு தெரியாது

சின்னம்மா மகன் கனடாவில், ஒன்டாரியோவில் இருக்கிறான். வேலைத்தளத்து ஆட்களோடு சேர்ந்து வேட்டை லைசன்ஸ் எடுத்த நாளிலிருந்து எனக்கு வாட்ஸ்அப்பில் மான் படமாகவே வருகிறது. மரத்தில் கட்டிவைத்த கெமரா ராத்திரியில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள். "அண்ணே, கொம்பில பத்துக் கவர் (கிளை) இருக்கு. எத்தனை வயசு இருக்கும்?"

நான் நுவரெலியாவில் வேன் ஓட்டுகிறவன். ஹோட்டன் சமவெளிக்கு ஆள் ஏற்றி இறக்கியே தலை நரைத்துவிட்டது. தினமும் அங்கே மரையை (சாம்பர் மானை) பார்க்கிறவனுக்கு மான் சாதி முழுக்கத் தெரிந்திருக்கும் என்று தம்பியின் நினைப்பு. அவன் ஊரில் இருக்கிற வெள்ளைவால் மானை நான் நேரில் கண்டதே இல்லை. ஆனாலும் கேட்டுவிட்டானே என்று தேடித் தேடி வாசித்தேன். வாசித்ததில் அவனை விட எனக்குத்தான் லாபம்.

அவனுக்கு முதலில் சொன்னது, கவரை எண்ணாதே என்பதுதான். மாட்டுக்கு முளைத்த கொம்பு சாகும்வரை இருக்கும். மானுக்கு அப்படியில்லை. அது சுத்தமான எலும்பு. வருஷா வருஷம் விழுந்து புதுசாக முளைக்கிறது. வளரும்போது மேலே மென்மயிர்த் தோல் போர்த்தியிருக்கும், உள்ளே இரத்தம் ஓடும். வெள்ளைவால் மானுக்குக் கோடையில் ஒரு நாளைக்கு அரை சென்ரிமீற்றர் அளவுக்குக்கூட வளருமாம். அதற்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்து முழுவதும் தீனியிலிருந்து கிடைக்காது. தன் விலா எலும்பிலிருந்தே உருக்கி எடுத்துக் கொம்புக்குக் கொடுத்துவிட்டு, பிறகு தின்று தின்று ஈடுகட்டுகிறது. அதனால் தீனி மோசமான வருஷத்தில் நல்ல வயதுக் கடாவுக்கும் கொம்பு சிறுத்துப் போகும். பரம்பரையும் உண்டு. அடிபட்டாலும் கொம்பில் தெரியும். தம்பி அனுப்பிய ஒரு படத்தில் இடது பின்னங்காலை ஊன்றாமல் நின்ற கடாவுக்கு வலது கொம்பு குட்டையாகி வளைந்திருந்தது. பின்னங்காலில் அடிபட்டால் எதிர்ப்பக்கத்துக் கொம்பு கோணிப்போவது அங்கே தெரிந்த விஷயம்தான்.

வயதைப் பார்க்க உடம்பைப் பார்க்க வேண்டும். ஒன்றரை வயதுக் கடாவுக்குக் கழுத்து மெலிசு, கால் மட்டும் நீளமாகத் தெரியும். கொம்பை மறைத்துவிட்டால் பெட்டை என்றே சொல்லிவிடலாம். மூன்றரை வயதில் நெஞ்சு இறங்கி, இடுப்பு ஒட்டி, பந்தயக் குதிரை மாதிரி நிற்கும். ஐந்து தாண்டினால் கழுத்தும் நெஞ்சும் ஒன்றாகி, முதுகு கொஞ்சம் குழிந்து, வயிறு தொங்கும்; கால் குட்டையானது போல ஒரு தோற்றம் வரும். கொம்பும் பெரும்பாலும் ஐந்திலிருந்து ஏழு வயதுக்குள்தான் உச்சத்துக்கு வருகிறது, அதற்குப் பிறகு இறங்குமுகம். சுட்ட பிறகு என்றால் கீழ்த்தாடையைத் திறந்து பார்க்கிறார்கள். குட்டியின் மூன்றாவது முன்கடைவாய்ப் பல்லில் மூன்று முகடு இருக்கும். ஒன்றரை வயதையொட்டி அது விழுந்து இரண்டு முகட்டுப் பல் வரும். அதற்கு மேல் தேய்மானக் கணக்கு. நியூயோர்க்கில் செவெரிங்ஹோஸ் என்பவர் 1949இல் எழுதிவைத்த முறை இன்றைக்கும் ஓடுகிறது. மண் கலந்த தீனி தின்கிற இடத்தில் பல் சீக்கிரம் தேயும் என்பதால் வயது கூடிய மானில் அது தப்பும். அப்போது முன்பல்லைச் சீவி, வேரில் வருஷத்துக்கொன்றாகப் படிந்த வளையத்தை ஆய்வுகூடத்தில் எண்ணுகிறார்கள்.

இதெல்லாம் தெரிந்த பிறகுதான் நம்ம மரையைச் சரியாகப் பார்க்கத் தொடங்கினேன். மரைக்குக் கவர் எண்ணுவது இன்னும் வீண். வளர்ந்த கடாவுக்குப் பக்கத்துக்கு மூன்றுதான்: நெற்றிக்கு மேலே ஒன்று, நுனியில் பிரிகிற இரண்டு. வளர்ந்துவிட்டால் கிழட்டுக் கடாவுக்கும் அதே மூன்று.

இன்னொரு வித்தியாசம். ஒன்டாரியோவில் எல்லாக் கடாவும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் தோலை உரிக்கும், ஒரே பருவத்தில் கொம்பை விழுத்தும். பகல் நீள்வதும் குறைவதும்தான் அவற்றுக்கு நாட்காட்டி. அங்கே கோடைப் பகலுக்கும் மாரிப் பகலுக்கும் ஆறு மணித்தியாலத்துக்கு மேல் வித்தியாசம். இங்கே ஒரு மணித்தியாலம்கூட இல்லை. அதனால் ஹோட்டன் சமவெளிப் பூங்காவின் பட்டிப்பொல கேட்டைத் தாண்டி உள்ளே போனால், ஒரே காலையில் ஒன்று மொட்டைத் தலையோடும், ஒன்று மென்தோல் கொம்போடும், ஒன்று மண் அப்பிய கூர்க்கொம்போடும் நிற்பதைப் பார்க்கலாம். மொட்டைத் தலையைப் பார்த்து "பெட்டை" என்று வேனுக்குள் யாராவது சொல்வார்கள். கழுத்து மயிரைப் பாருங்கள் என்பேன். அடுத்தது தொண்டையடியில் மயிர் உதிர்ந்து ஈரமாய்ச் சிவந்த இடம். "ஐயோ, சுட்டிருக்காங்க!" என்று எத்தனையோ பேர் பதறியிருக்கிறார்கள். காயமில்லை, மரைக்கு இயல்பாகவே வருகிற சுரப்பி இடம் அது.

மரை வேட்டை ஒரு காலத்தில் துரைமாரின் பொழுதுபோக்கு. நுவரெலியாவில் பண்ணை வைத்த சாமுவேல் பேக்கர் வேட்டைநாய்களை விட்டு மரையைத் துரத்திக் கத்தியால் குத்தினவர். மரையை 'எல்க்' என்றே அழைத்தார்கள். பேக்கர் நீர்வீழ்ச்சிக்கு அவர் பெயர்தான். இப்போது தாவர விலங்கினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அதெல்லாம் குற்றம். தோட்டப் பக்கம் பன்றிக்கென்று கட்டும் கம்பிச் சுருக்கில் இன்னும் என்னவெல்லாமோ மாட்டுகிறது. 2020இல் நல்லதண்ணியில் ஒரு கருஞ்சிறுத்தையே அப்படித்தான் போனது.

ஆனால் பூங்காவுக்குள் நான் தினம் பார்க்கிற கேடு வேறு. 'பார் இன்' (Farr Inn) என்கிற பழைய விடுதியின் வாகனத் தரிப்பிடத்தில் பெரிய கொம்போடு ஒரு கடா வரும். கண்ணாடி இறங்குகிற சத்தம் கேட்டாலே திரும்பும். பணிஸ், பிஸ்கட், ரொட்டி எதையும் விடாது. எல்லோரும் அதைத்தான் ஆரோக்கியமான மரை என்று படம் எடுக்கிறார்கள். ஒரு நாள் அது வேனுக்குக் கையெட்டும் தூரத்தில் நின்றபோது கொம்பை விட்டுப் பின்பக்கத்தைப் பார்த்தேன். இடுப்பெலும்பு இரண்டும் தோலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. மயிர் திட்டுத்திட்டாய் மங்கல். உருண்டை உருண்டையாக விழ வேண்டிய புழுக்கை சாணி மாதிரிக் கரைந்து பின்னங்காலில் ஒட்டியிருந்தது. உள்ளே புல்வெளியில் மேய்கிறவற்றின் புழுக்கை அப்படி இருக்காது.

தம்பியின் ஊரில் மாரிக்காலத்தில் இரக்கப்பட்டுச் சோளம் கொட்டினால் மான் வயிறு நிறையவே செத்துப்போகிறதாம். அசைபோடுகிற வயிற்றில் இருக்கிற நுண்ணுயிர்கள் இலை தழைக்குப் பழகியவை. திடீரென்று மாப்பொருள் போய்ச் சேர்ந்தால் அமிலம் ஏறிவிடும். மரைக்கும் அதே வயிறுதான். பணிஸும் மாப்பொருள்தான். அதோடு பையும் சேர்த்து விழுங்குகிறது. பூங்கா வாசலில் தண்ணீர்ப் போத்தலின் பிளாஸ்டிக் சுற்றைக் கிழித்து வாங்குவது ஏன் என்று முணுமுணுக்கிறவர்களுக்கு இதைத்தான் சொல்கிறேன்.

தீனி போட்டு மானை ஒரு இடத்தில் கூட்டினால் நோயும் கூடும். 1967இல் அமெரிக்காவின் கொலராடோவில் அடைத்து வளர்த்த மான்களில் முதலில் தெரியவந்த ஒரு மூளைநோய் இப்போது கனடாவின் சஸ்காச்சுவன், அல்பேர்ட்டா வரை இருக்கிறது. மருந்து கிடையாது. உமிழ்நீராலும் பரவும். பிடித்த மான் ஒரு வருஷத்துக்கு மேலாகவும் கொழுகொழுவென்று, நல்ல கொம்போடு நடமாடும். அதனால்தான் சுட்ட மானின் தலையைப் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு, முடிவு வரும்வரை இறைச்சியைத் தொடாதே என்று தம்பிக்குச் சொல்லியிருக்கிறேன்.

என் வேனில் இப்போது ஒரு சட்டம். சாப்பாட்டுப் பை பின்னால் டிக்கியில் இருக்கும், பட்டிப்பொல திரும்பும்வரை திறக்க மாட்டேன். பிள்ளைகள் அழுதால் ஸ்டேஷன் கடையில் தேத்தண்ணியும் வடையும் என் செலவு.