ஓடினது கால்தானே?

மூன்றாம் வகுப்புக்கு உடல் உறுப்புகள் பாடம். புத்தகத்தில் இதயம் ஒரு பக்கம், நுரையீரல் ஒரு பக்கம், வயிறு இன்னொரு பக்கம். ஏதோ தனித்தனி வீட்டில் குடியிருப்பவர்கள் மாதிரி. சரி என்று மூடிவைத்துவிட்டு எல்லோரையும் வேப்பமரத்தடிக்குக் கூட்டிப்போனேன்.

மணிக்கட்டில் நாடி பார்க்கச் சொன்னால் பாதிப் பேருக்குக் கிடைக்கவே இல்லை. "டீச்சர், எனக்கு இதயமே இல்ல" என்று ஒருத்தன் அறிவித்தான். கழுத்தோரம் விரல் வைத்ததும் கண் விரிந்தது. அரை நிமிடத்துக்கு 44. மைதானத்தை இரண்டு சுற்று ஓடிவந்து எண்ணினான், 71.

"ஓடினது கால்தானே, நெஞ்சு எதுக்கு அடிச்சுக்குது?"

இதற்காகத்தான் காத்திருந்தேன். ஒருத்தி நுரையீரல், ஒருவன் கால் தசை, நடுவில் நாலு பேர் ரத்தம். அவர்களைப் பிடித்துத் தள்ளிவிடுகிறவன் இதயம். புளியங்கொட்டைதான் ஆக்சிஜன். திரும்பும்போது வெறுங்கையோடு வரக்கூடாது, கரியமில வாயுவாகக் கூழாங்கல் எடுத்துவர வேண்டும். கால் "இன்னும் குடு, இன்னும் குடு" என்று கத்தக் கத்த ரத்தம் ஓட்டமெடுத்தது, நுரையீரலுக்குக் கை ஓயவில்லை. இதயத்துக்குத்தான் மூச்சு வாங்கியது! (ரத்தம் ஒரு சுற்றில் இதயத்துக்குள் இரண்டு தடவை போய்வரும். அதை இந்த வயதில் சொல்லிக் குழப்பவில்லை.)

எல்லாம் முடிந்து வரிசையில் நிற்கும்போது ஒரு சின்னது கையைத் தூக்கியது. "காலைல சாப்பிட்ட இட்லி இதுல யாரு டீச்சர்?"

நாளைக்குச் சிறுகுடல். பெரியவர்களுக்குச் சுமார் 6 மீட்டர் நீளம். கிணற்றடியில் பழைய கயிறு கிடக்கிறதா பார்க்கணும்.