தாப்பா ஓடையில் நத்தை மாதிரி ஒரு புழு

மலேசியாவின் கேமரன்மலைக்குப் போகிறவர்கள் தாப்பாவில் ஒரு தே தாரிக் குடித்துவிட்டு 59ஆம் எண் சாலையில் ஏறுவார்கள். செம்பனை முடிந்து காடு தொடங்கி, 20 கிலோமீட்டர் சொச்சத்தில் லாத்தா இஸ்கண்டார் அருவி. கூட்டமெல்லாம் அங்கேதான். கேடிஸ் பூச்சி, அதாவது புழுப்பருவத்தில் தண்ணீரில் வாழும் சிறகுப் பூச்சி, தேடுகிறவருக்கு அருவி உதவாது. கணுக்காலுக்கு மேல் போகாத, கல் நிறைந்த கிளை ஓடைதான் வேண்டும். பாதுகாக்கப்பட்ட காடு என்றால் முதலில் காட்டிலாகா அனுமதி.

இதன் புழு, வாயருகே சுரக்கும் பட்டுநூலால் மணலையோ இலைத்துண்டையோ ஒட்டிக் கூடு கட்டும். ஹெலிகோப்சைக்கி வகையின் மணற்கூடு நத்தை ஓடு போலவே சுருண்டிருக்கும், சில மில்லிமீட்டர்தான். 1834இல் அமெரிக்காவில் ஐசக் லீ இப்படியொரு கூட்டை நத்தை என்றே விவரித்தார். பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். வெள்ளைத் தட்டில் ஓடைத் தண்ணீர் ஊற்றி, கூட்டைப் போட்டு, நிழலில் வைத்துச் சற்றுப் பொறுங்கள். ஆறு கால் வெளியே வந்தால் புழு. தட்டை வெயிலில் வைத்தால் தண்ணீர் சூடாகி, பிராணவாயு குறைந்து செத்துப்போகும்.

புழுவை மட்டும் வைத்து இனத்தின் பெயரைச் சொல்வது பெரும்பாலும் முடியாத காரியம். பெயர் தெரிவது வளர்ந்த ஆண் பூச்சியின் இனப்பெருக்க உறுப்பில். அதனால் அரிய இனமென்று சந்தேகம் வந்தால், ஊர்ந்து திரியும் புழுவை விட்டுவிட்டு, கல்லோடு ஒட்டி வாய் அடைத்த கூட்டைத் தேடுங்கள். உள்ளே கூட்டுப்புழு. கண் கறுத்து, சிறகு நிறம் பிடித்திருந்தால் பதம் சரி. உறுப்பும் உருவாகியிருக்கும், புழு கழற்றிய தோலும் பெரும்பாலும் அதே கூட்டுக்குள் கிடக்கும். எந்தப் புழு எந்தப் பூச்சியாகும் என்ற சண்டை ஒரே கூட்டில் தீரும். விரலால் பிய்த்தால் நசுங்கும். மெல்லிய கத்தி முனையால் நெம்புங்கள். எடுத்த கல்லைப் பழையபடியே கவிழ்த்து வையுங்கள்.

மாதிரியை 80 விழுக்காடு எத்தனாலில் போட்டு, மறுநாள் அதை மாற்ற வேண்டும். உடம்பின் நீர் கலந்து சாராயம் நீர்த்துவிடும், மாற்றாவிட்டால் அழுகும். டிஎன்ஏ பார்ப்பதாக இருந்தால் 95.

காலையிலேயே இறங்குவது நல்லது. மேலே மழை பெய்தால் கீழே வெயிலடிக்கும்போதே கெப்பாலா ஆயர், அதாவது மேலிருந்து பாய்ந்துவரும் திடீர் வெள்ளம், வரும். தெளிந்த தண்ணீர் திடீரென்று கலங்கி, சருகும் குச்சியும் மிதந்தால் தட்டைப் போட்டுவிட்டுக் கரையேறுங்கள்.

இடம், தேதி எழுதிய சீட்டு குப்பிக்கு உள்ளேயே இருக்கட்டும், பென்சிலில். பேனா மை எத்தனாலில் கரைந்துபோனால் எந்த ஓடைப் பூச்சி என்று யாராலும் சொல்ல முடியாது.