வீடியோ போடலாமா கூடாதா: ஜெர்மன் வகுப்பிலிருந்து

சென்னையில் ஜெர்மன் சொல்லிக்கொடுக்கிறவர்கள் நாலு பேர் டீ குடிக்க உட்கார்ந்தால் போதும், வகுப்பில் வீடியோ போடலாமா கூடாதா என்ற பேச்சு எப்படியாவது வந்துவிடும். கண்டிப்பாகப் போட வேண்டும் என்கிற கட்சி நான். ஆனால் எப்படிப் போடுகிறோம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

வேண்டாம் என்கிறவர்களிடம் பலமான வாதம் ஒன்று உண்டு. கோத்தே இன்ஸ்டிட்யூட் நடத்துகிற ஜெர்மன் மொழித் தேர்வில் கேட்டல் பகுதிக்குப் படமே கிடையாது, வெறும் ஒலிதான். முதல் நிலையான ஏ1 தேர்வில் ரயில் நிலையம், கடை அறிவிப்புகள் வருகிற இரண்டாம் பகுதியை ஒரே தடவைதான் ஓட்டுவார்கள், விட்டால் விட்டதுதான். ஜெர்மனிக்கு நர்ஸ் வேலைக்குப் போகிற பிள்ளைகள் ஏ1-இல் தொடங்கி நாலாவது நிலையான பி2 வரை ஏற வேண்டும், அதற்காகக் கடன் வாங்கி ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறவர்கள் நிறைய பேர். முகத்தையும் கையசைவையும் பார்த்து குத்துமதிப்பாகப் புரிந்துகொண்டே பழகினவர்கள் வெறும் ஒலி வந்ததும் தடுமாறுவார்கள் என்று எங்கள் சீனியர் மேடம் சொல்வார். உண்மைதான், நானும் பார்க்கிறேன். போர்ஷன் முடியாது என்கிற புலம்பலும் நியாயமானதே. அரை மணி நேர வீடியோவை நிறுத்தாமல் ஓடவிட்டு, கடைசியில் "புரிஞ்சுதா?" என்று கேட்டால் போர்ஷன் எப்படி முடியும்?

நான் இரண்டு நிமிடத்துக்கு மேல் போடுவதில்லை. ஒரு உதாரணம் சொல்கிறேன். ஒருவர் பை நிறையக் காலி பிளாஸ்டிக் பாட்டில்களோடு சூப்பர்மார்க்கெட்டுக்குள் வருகிறார், சுவரில் இருக்கிற மிஷினின் வட்டத் துளைக்குள் ஒவ்வொன்றாக விடுகிறார், மிஷின் பாட்டிலைச் சுழற்றிப் பார்த்து உள்ளே இழுத்துக்கொள்கிறது, நசுங்கின ஒன்றை மட்டும் திருப்பித் தள்ளுகிறது, கடைசியில் ஒரு சீட்டு வருகிறது. முதல் தடவை சத்தமே இல்லாமல் போடுவேன். அது என்ன மிஷின், சீட்டு எதற்கு என்று வகுப்பே ஜெர்மனில் ஊகிக்கும், தப்பும் தவறுமாக என்றாலும் எல்லோரும் வாயைத் திறப்பார்கள். வாங்கும்போதே பாட்டிலுக்கு 25 சென்ட் சேர்த்து வாங்கிவிடுகிறார்கள், காலி பாட்டிலைக் கொடுத்தால் அந்தக் காசு திரும்பி வரும் என்று யாராவது ஒருவர் கண்டுபிடித்துவிடுவார். அப்புறம் திரையை அணைத்துவிட்டு ஒலி மட்டும். தேர்வுக்குத் தேவையான காது இங்கேதான் தயாராகிறது, என்ன நடக்கிறது என்று தெரிந்திருப்பதால் பயமில்லாமல் கேட்கிறார்கள். மூன்றாவது தடவை இரண்டும் சேர்த்து. அதற்கப்புறம் ஒருவர் கேஷியர், ஒருவர் வாடிக்கையாளர்: மிஷின் என் பாட்டிலை எடுக்கமாட்டேன் என்கிறது, என்ன செய்வது? இரண்டு நிமிட வீடியோ முக்கால் மணி நேரத்துக்கு வேலை கொடுக்கும்.

சப்டைட்டில் விஷயத்தில் நான் பிடிவாதக்காரி. கீழே இங்கிலீஷ் ஓடினால் கண் அங்கேதான் போகும், காது வேலையை நிறுத்திவிடும். ஜெர்மன் சப்டைட்டில் வேறு கதை, சொல் எங்கே முடிந்து எங்கே தொடங்குகிறது என்று பிடிபட அது உதவுகிறது. ஈஸி ஜெர்மன் என்கிற யூடியூப் சேனலில் தெருவில் போகிறவர்களை நிறுத்திப் பேசவைப்பார்கள், அருமையான சரக்கு, ஆனால் இரண்டு மொழி வரிகளும் படத்தோடேயே வரும். டிவியின் அடியில் சார்ட் பேப்பரை ஒட்டி இங்கிலீஷ் வரியை மறைத்துவிடுவேன். தொடக்க வகுப்புக்கு அந்த வேகம் தாங்காது. அவர்களுக்கு ஜெர்மன் ஒலிபரப்பு நிறுவனமான டாய்ச்ச வெல்லே இலவசமாகத் தருகிற நீக்கோஸ் வேக் என்கிற வீடியோ பாடத்தொடர் சரியாக இருக்கும், ஏ1-இலிருந்து பி1 வரை வருகிறது.

புத்தகத்தில் வராத விஷயங்களும் உண்டு. ஜெர்மன்காரர்கள் கட்டைவிரலில் எண்ணத் தொடங்குவார்கள். கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் நீட்டினால் இரண்டு. வார்டில் ஒரு தாத்தா அப்படிக் கையைக் காட்டினால் நம் பிள்ளை முழிக்கக் கூடாது. உச்சரிப்பும் அப்படித்தான், ü என்கிற எழுத்தின் ஒலியை எடுத்துக்கொள்ளுங்கள். "ஈ" என்று இழுத்துக்கொண்டே உதட்டை மட்டும் "ஊ"வுக்குக் குவி என்று நான் எத்தனை தடவை சொன்னாலும், ஒரு வாயை குளோசப்பில் பார்த்துவிட்டு, தன் வாயையும் போனில் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் அந்த ஒலி வருகிறது.

இதையெல்லாம் கேட்டுவிட்டு இளம் ஆசிரியர்கள் சொல்வது ஒன்றுதான்: நேரம் எங்கே இருக்கிறது? அதற்கு என்னிடம் பதில் இல்லை. சரியான இரண்டு நிமிடத்தைத் தேடி, வெட்டி, கேள்வி தயாரிக்க ஒரு மாலை முழுக்கப் போய்விடும், சம்பளமோ வகுப்பில் நிற்கிற மணிக்கு மட்டும். நாமே வெட்டி வைத்ததையெல்லாம் ஒரே டிரைவில் போட்டுப் பகிர்ந்துகொள்ளலாம் என்று இப்போது சில பேர் பேசிக்கொண்டிருக்கிறோம். வார்டில் ஷிஃப்ட் மாறும்போது நோயாளியைப் பற்றி ஒரு நர்ஸ் இன்னொருவரிடம் சொல்லிவிட்டுப் போகிற காட்சி, பி1 வேகத்தில், இதுவரை நல்லதாகக் கிடைக்கவில்லை. உங்களிடம் இருந்தால் அனுப்புங்கள்.