பாமினியிலிருந்து யூனிகோடுக்கு: எங்கள் வாசிகசாலைப் பட்டியல்

திருகோணமலை உப்புவெளியில் எங்கள் வாசிகசாலை நூற்பட்டியலை என் மடிக்கணினியில் திறந்தபோது, தமிழ் ஓர் எழுத்துக்கூட இல்லை. 'தமிழ்' என்று இருக்க வேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ என்று நான்கு சின்ன ஆங்கில எழுத்துகள், பின்னால் ஓர் அரைப்புள்ளி. பட்டியலை அடித்துத் தந்த ஐயாவைக் கூப்பிட்டேன். "தம்பி, என்ட கொம்பியூட்டரில வடிவாத் தெரியுதே" என்றார். அதுவும் உண்மைதான். பாமினி எழுத்துரு ஆங்கில எழுத்துகளின் எண்களுக்கே தமிழ் உருவத்தைப் போட்டுக் காட்டும். என் மடிக்கணினியில் ஓடும் உபுண்டு இயங்குதளத்தில் பாமினி இல்லை. அதனால் அடியில் கிடந்த ஆங்கிலம் வெளியே வந்துவிட்டது.

பாமினியை நிறுவிவிட்டால் படிக்கலாம். ஆனால் 'கோணேசர்' என்று, தமிழுக்கெனத் தனி எண்கள் உள்ள பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடில் அடித்துத் தேடினால் ஒன்றும் சிக்காது. ஆகவே மாற்றத்தான் வேண்டும். முதலில் ஒவ்வோர் எழுத்தாக நானே தேடி மாற்றினேன். ஊர்ப் பெயர் 'திருேகாணமைல' என்று வந்து நின்றது. பாமினியில் கொம்பு, தட்டச்சுப்பொறியில் போல, எழுத்துக்கு முன்னால் அடிபடும். யூனிகோடில் பின்னால் வர வேண்டும். அப்புறம் பாமினியை யூனிகோடாக மாற்றித் தரும் செயலி ஒன்றில் போட்டேன், கொம்புகள் சரியாக உட்கார்ந்தன. ஆங்கில நூல்களின் பெயர்கள்தான் அர்த்தமில்லாத தமிழாகிவிட்டன. திரும்ப மூலக் கோப்புக்குப் போய், வேர்டில் எழுத்துருவை வைத்துத் தேடி, பாமினியில் உள்ள வரிகளை மட்டும் பிரித்து மாற்றினேன். இதை முதலிலேயே செய்திருந்தால் இரண்டு இரவு மிஞ்சியிருக்கும்.

மாற்றிய பட்டியலை சிஎஸ்வியாக, அதாவது காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பாக, ஐயாவுக்கு அனுப்பினேன். அவருடைய எக்செலில் தலையில் கோடு போட்ட ஆங்கில 'ஏ'யும் வட்டத்துக்குள் 'ஆர்' குறியும் மாறி மாறி வந்தன. யூனிகோடைக் கோப்பில் சேமிக்கும் முறையான யூடிஎஃப்-8இல் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு மூன்று பைட். எக்செல் அவற்றைத் தனித்தனி எழுத்தாக வாசித்திருக்கிறது. இரண்டு முறை சொடுக்கித் திறக்காமல், 'டேட்டா' பகுதி வழியாகக் கோப்பை உள்ளே எடுத்து, 'ஃபைல் ஒரிஜின்' இடத்தில் 65001 யூடிஎஃப்-8 தெரிவு செய்யச் சொன்னேன். தமிழ் வந்தது. ஐயா சந்தோஷத்தில் நாற்பது புது நூல்களையும் சேர்த்து, யூடிஎஃப்-8 இல்லாத, தமிழைத் தாங்காத சாதாரண சிஎஸ்வியாகவே சேமித்து மூடிவிட்டார்.

மறுநாள் திறந்தால் முழுக்கக் கேள்விக்குறிகள். குழம்பிய எழுத்துக்குள் பைட்டுகள் பெரும்பாலும் அப்படியே இருக்கும், மீட்டுவிடலாம். கேள்விக்குறியாகச் சேமிக்கப்பட்டது போனது போனதுதான். பழைய பட்டியலின் பிரதி என்னிடம் இருந்தது. அந்த நாற்பது நூல்கள் எங்கேயும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வாசிகசாலையில் அலுமாரியைத் திறந்து ஐயா ஒவ்வொரு நூலாக எடுத்து வாசித்தார். நான் யூனிகோடில் அடித்தேன்.