நூலிழையில் தப்பியவை: என் நாட்குறிப்பு

செப்டம்பர் 8

காலையில் ஒரு சம்பவ அறிக்கை வந்தது. இரவு டியூட்டி சிஸ்டர், மருந்தைக் கரைக்க டிஸ்டில்டு வாட்டர் தட்டிலிருந்து ஓர் ஆம்பூல் (உடைத்துத் திறக்கும் சிறு மருந்துக் குப்பி) எடுத்திருக்கிறார். உடைக்கும் முன் லேபிளைப் படித்தால் பொட்டாசியம் குளோரைடு. நீர்க்கச் செய்யாமல் ரத்தக்குழாயில் வேகமாக ஏற்றினால் இதயத்தையே நிறுத்திவிடும்.

நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் எழுதாமல் விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்தே இருக்காது. நன்றி சொல்லப் போனேன். "எனக்கு மெமோ வருமா மேடம்?" என்றார். மனசு கஷ்டமாகிவிட்டது. அமெரிக்காவில் 1976 முதல் விமானிகளின் பாதுகாப்பு அறிக்கைகளை வாங்குவது நாசா. உரிமத்தைப் பறிக்கும் அதிகாரம் அதற்குக் கிடையாது. பயமில்லாமல் எழுத அப்படி ஓர் இடம் நம் ஊழியர்களுக்கும் வேண்டும்.

செப்டம்பர் 9

வார்டில் நேரில் பார்த்தேன். இரண்டு ஆம்பூலும் ஒரே உயரம், ஒரே பிளாஸ்டிக், பொடி எழுத்து. தட்டுகளும் பக்கத்துப் பக்கத்தில். கம்பெனி மாறிப் புது ஸ்டாக் வந்ததை வார்டுக்கு யாரும் சொல்லவில்லை.

செப்டம்பர் 11

ஆய்வுக் கூட்டம். முதல் கேள்வியே "யார் அடுக்கி வைத்தது?" அப்புறம், கவனமாக இருக்கச் சொல்லி ஒரு சர்க்குலர் போடலாம் என்றார்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. அந்தச் சிஸ்டர் கவனமாக இருந்ததால்தானே இது பிடிபட்டது! அடுத்த இரவு வேறொருவர், ஆறு நோயாளிகளை ஒரே நேரத்தில் பார்த்துக்கொண்டு நிற்பார்.

வின்கிரிஸ்டின் கதையைச் சொன்னேன். ரத்தக்குழாயில் மட்டுமே போக வேண்டிய புற்றுநோய் மருந்து. தவறிப்போய் முதுகுத்தண்டில் செலுத்தப்பட்டுப் பலர் இறந்திருக்கிறார்கள். 2007இல் உலக சுகாதார நிறுவனம், சிரிஞ்சில் வேண்டாம், சிறு பையில் நீர்க்கச் செய்து கொடுங்கள் என்றது. பையை யாரும் முதுகுத்தண்டு ஊசியில் தவறுதலாக மாட்டிவிட மாட்டார்கள். தவறு செய்யவே வழியில்லாதபடி மாற்றுவதுதான் தீர்வு.

அதனால் வார்டுகளில் பொட்டாசியம் ஆம்பூலே வேண்டாம் என்றேன். அவசரத்துக்கு என்ன செய்வது என்று டாக்டர்கள் கேட்டது நியாயம்தான். தீவிர சிகிச்சைப் பிரிவில் மட்டும் பூட்டிய அலமாரியில் இருக்கட்டும், மற்ற வார்டுகளுக்குக் கலந்த பையாகவே ஃபார்மசி அனுப்பட்டும் என்று முடிவானது.

செப்டம்பர் 17

உலக நோயாளர் பாதுகாப்பு தினம். இன்றே வார்டுகளிலிருந்து பொட்டாசியம் ஆம்பூல்களை எடுத்துவிட்டோம்.

செப்டம்பர் 19

என்ன மாறியது என்று சிஸ்டரிடம் நேரில் சொன்னேன். மெமோ இல்லை என்பதையும்தான். அதே வார்டிலிருந்து இன்னும் இரண்டு அறிக்கைகள் வந்திருக்கின்றன. நல்ல அறிகுறி.

கம்பெனி மாறினால் வார்டுக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்ற விதிக்குக் கொள்முதல் பிரிவு இன்னும் கையெழுத்துப் போடவில்லை. திங்களன்று திரும்பவும் போய்க் கேட்பேன்.